பலிபீடத்து உப்பும் மீன் கூடையும்



மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாய் வாழும் நமக்கு, லேவியர் நூல் இரண்டாம் அதிகாரத்தில் வரும் ஒரு கட்டளை மற்றவர்களைவிட எளிதாய் மனதில் நிற்கும். உணவுப் படையல் எதுவும் உப்பில்லாமல் பலிபீடத்துக்கு வரக்கூடாது என்பதே அது. எண்ணிக்கை நூலோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்டவருடைய உடன்படிக்கையையே உப்பு உடன்படிக்கை என்று அழைக்கிறது. உப்பு கெடாது, உடன்படிக்கையும் கெடாது.

இன்று அந்தப் பலிபீடம் இல்லை. கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் கோவிலைத் தீக்கிரையாக்கினார்கள். உப்பு எங்கே போயிற்று? வெள்ளிக்கிழமை மாலை யூதர் வீட்டில் ஓய்வுநாள் விருந்து தொடங்கும்போது, அப்பத்தைப் பிட்டு, உப்பில் தொட்டு, எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். பலிபீடத்து உப்பு வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. பலி செலுத்திய குருக்கள் இருந்த இடத்துக்குத் திருச்சட்டத்தை விளக்கும் ரபிகள் வந்தார்கள்.

ஆபிரகாமையும் மோசேயையும் 'யூதர்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். வரலாற்றின்படி அது சரியாகாது. 'யூதர்' என்றால் யூதா நாட்டைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் பின்னாளில் வந்தது. 'இஸ்ரயேல்' என்ற பெயரோ கி.மு. 1208-ஐ ஒட்டிய காலத்திலேயே எகிப்திய மன்னன் மெர்னப்தாவின் கல்வெட்டில் இருக்கிறது. அப்போது எருசலேமில் கோவில் இல்லை. தொகுத்து வைத்த திருநூலும் இல்லை. பெத்தேல், சீலோ என்று ஊருக்கு ஊர் வழிபாட்டிடங்கள் இருந்தன. ஆண்டவரை வணங்கியவர்களே பாகாலையும் அசேராவையும் சேர்த்து வணங்கினார்கள். விவிலியம் இதை மறைக்கவில்லை. எருசலேம் கோவிலுக்குள்ளேயே இருந்த அசேராவின் சிலையை யோசியா அரசர் வெளியே கொண்டுபோய் எரித்ததை அரசர்கள் இரண்டாம் நூல் 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீனாய்ப் பாலைநிலத்தில், குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில், கி.மு. 800-ஐ ஒட்டிய பெரிய சாடிகள் கிடைத்தன. ஆண்டவர் பெயரையும் அசேராவின் பெயரையும் சேர்த்து ஆசி கூறும் எழுத்துகள் அவற்றின்மேல் உள்ளன. இறைவாக்கினர்கள் ஏன் அவ்வளவு கோபமாய்ப் பேசினார்கள் என்பது அந்தச் சாடிகளைப் பார்த்தால் புரிகிறது.

கி.மு. 722-இல் வட நாடு அசீரியரிடம் வீழ்ந்தது. 587-இல் பாபிலோனியர் எருசலேம் கோவிலை எரித்து மக்களைக் கொண்டுபோனார்கள். அரசர் போனார், பலிபீடம் போயிற்று, நிலமும் போயிற்று. கையோடு கொண்டுபோகக்கூடியவை மட்டும் மிஞ்சின: ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு முறை, முன்னோர் கதைகள். திரும்பி வந்தபின் எஸ்ரா மக்கள் நடுவே மரமேடையில் நின்று, விடியலிலிருந்து நண்பகல்வரை திருச்சட்டத்தை வாசித்ததை நெகேமியா நூல் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் காட்சியில் பலி இல்லை. வாசிப்பு இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, கேட்டவர்களின் கண்ணீர் இருக்கிறது. யூத சமயத்தின் தொடக்கத்தை அறிஞர் பலர் இந்தக் காலத்தில்தான் காண்கிறார்கள். கோவில் இரண்டாம் முறை அழிந்த பிறகு ரபிகள் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார்கள். நம் திருச்சபையும் அதே நூற்றாண்டில், அதே வீட்டில் பிறந்த பிள்ளைதான். புனித வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றில் 'யூதர்கள்' என்று கேட்டவுடன் முகம் சுளிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதையே நினைவூட்டியது.

இந்த வரலாறு நம் நாட்டுக் கரைக்கும் வந்திருக்கிறது. மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில், அலிபாக் பக்கத்திலுள்ள நவ்காவ் அருகே ஒரு கப்பல் உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள் என்றும் ஒரு மரபு உண்டு. அவர்கள் வழிவந்தோர் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்றார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர் 'பெனே இஸ்ரயேல்', இஸ்ரயேலின் மக்கள். கையில் நூல் இல்லை, ரபி இல்லை. இணைச்சட்டம் 6-ஆம் அதிகாரத்தின் 'இஸ்ரயேலே, கேள்' என்ற மன்றாட்டு மட்டும் நாவில் இருந்தது. திருமணத்திலும் அதுதான், அடக்கத்திலும் அதுதான்.

தாவீது ரகபி என்பவர் அவர்களைச் சோதிக்க ஒரு கூடை மீனைக் கொடுத்தாராம். பெண்கள் துடுப்பும் செதிலும் உள்ளவற்றை மட்டும் எடுத்துச் சமைத்தார்கள், மற்றதை ஒதுக்கினார்கள். நம் கரையில் என்றால் மடவையும் சங்கராவும் சட்டிக்குப் போயிருக்கும்; கெளுத்தியும் திருக்கையும் கூடையிலேயே கிடந்திருக்கும். லேவியர் 11-ஆம் அதிகாரத்தை அந்தப் பெண்கள் வாசித்ததில்லை. அம்மா சமைத்ததைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான். ரகபி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மக்கபேயர் காலத்தில் தோன்றிய கோவில் அர்ப்பண விழா இவர்களுக்குத் தெரியாததால், அதற்கு முன்பே வந்தவர்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். நமக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. மறந்தும் போயிருக்கலாம் அல்லவா? கொச்சி யூதருக்காவது யோசேப்பு ரப்பான் பெற்ற செப்பேடு இருக்கிறது. இவர்களுக்கு மீன் கூடைதான் சான்று.

பின்னர் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் வந்து எபிரேய மன்றாட்டுகளைக் கற்பித்தார்கள். 1796-இல் மும்பையில் இவர்களின் முதல் தொழுகைக்கூடம் எழுந்தது. 1948-க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது. ரபிகளின் மணமுறிவுச் சட்டம் அறியாத மக்களை முழு யூதர் என்று ஏற்கலாமா என்று அங்குள்ள ரபிகள் தயங்கினார்கள். இவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964-இல்தான் இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

கொங்கணத்தில் தங்கிவிட்ட குடும்பங்கள் இன்றும் நேர்ச்சை நிறைவேறினால் அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழங்களும் தட்டில் வைத்து, இறைவாக்கினர் எலியாவை நினைத்து மன்றாடிப் பகிர்ந்து உண்கிறார்கள். அதற்கு 'மலிதா' என்று பெயர்.