முட்டுக்காட்டுக் கண்டலும் பசுங்கணிகத்தின் காவலும்

சென்னையை அடுத்த முட்டுக்காடு கழிமுகத்தில் உப்பு ஒரே அளவில் நிற்பதில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் தூர்த்துவிட, தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழையில் மணல்திட்டு உடைந்து நன்னீர் பாயும். இரண்டையும் தாங்கிக் கரைச்சேற்றில் நிற்கிறது வெண்கண்டல். அதன் இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் பலருக்கும் தெரியும். அதே இலைக்குள், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் நடத்தும் தற்காப்பு அதைவிட வியப்பானது என்பது என் எண்ணம்.

வேரைத் தாக்கும் உப்பு இலையை ஏன் வாட்டுகிறது? உப்பு மிகுந்தால் வேர் நீர் உறிஞ்சத் திணறும். செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு வரத்துக் குறையும். வெயிலோ குறையாது. சர்க்கரை ஆக்கப் போகவேண்டிய எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆக்சிஜனைச் சேர, சூப்பர்ஆக்சைடு பிறக்கிறது. ஒளியில் பசுங்கணிகம் ஆக்சிஜனை ஒடுக்குவதை 1951இல் மெஹ்லர் காட்டினார். சூப்பர்ஆக்சைடைப் பெராக்சைடாக மாற்றும் டிஸ்மியூட்டேஸ் நொதியை 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இனங்கண்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் கேடுதான். சர்க்கரை ஆக்கும் கால்வின் சுழற்சியின் நொதிகளை அது முடக்கும். அஸ்கார்பேட்டை, அதாவது வைட்டமின் சி-யை, செலவழித்து அதை நீராக்குவது அஸ்கார்பேட் பெராக்சிடேஸ். செலவான அஸ்கார்பேட்டை குளுட்டாதயோன் துணையோடு மீட்கும் சுழற்சியை 1976இல் ஃபாயரும் ஹாலிவெல்லும் முன்வைத்தார்கள்.

இந்த நொதிகளை எப்போது, எவ்வளவு ஆக்குவது என்பதில்தான் செடியின் திறமை இருக்கிறது. இவற்றுக்கான மரபணுக்கள் உட்கருவில் உள்ளன, ஆபத்தோ பசுங்கணிகத்தில். பசுங்கணிகத்திலிருந்து உட்கருவுக்குச் செய்தி போனால்தான் நொதி வந்து சேரும். அரபிடாப்சிஸ் செடியில் இந்தக் கட்டுப்பாட்டின் ஒரு கண்ணியை சுங்கர், கபூர், ஜூ மூவரும் 2006இல் வெளியிட்டார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ 398 என்ற சிறு மூலக்கூறு, தாமிர-துத்தநாக டிஸ்மியூட்டேஸுக்கான தூது ஆர்.என்.ஏ-வைச் சாதாரண நாளில் வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜனேற்ற நெருக்கடி வந்ததும் அதன் அளவு குறைகிறது, வெட்டு நிற்கிறது, நொதி பெருகுகிறது. மண்ணில் தாமிரம் பற்றாதபோது இதே மூலக்கூறு கூடும். அப்போது இரும்பு டிஸ்மியூட்டேஸ் அந்த வேலையை ஏற்க, மிச்சமாகும் தாமிரம் ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத பிளாஸ்டோசயனினுக்குப் போகிறது. இவ்வளவு நுட்பமான சிக்கனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நமக்கு நெருங்கிய சான்று தரமணியில் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில், அஜய் பரிடா குழுவினர் வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. உப்பை மட்டும் கூட்டியபோது சாட்1 என்ற டிஸ்மியூட்டேஸ் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ மாறவேயில்லை. கடும் ஒளியிலும், இரும்பு மிகுதியிலும், நேரடியாகப் பெராக்சைடு கொடுத்தபோதும் அது உயர்ந்தது. உப்புக்குப் பழகிய மரம் உப்பைக் கண்டு அலறுவதில்லை, ஆக்சிஜனேற்றம் மிஞ்சும்போதே இந்த மரபணுவை முடுக்குகிறது என்று இதை நான் வாசிக்கிறேன்.

2008இல் அந்த மரபணுவைப் பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புள்ள நீரில் அந்த நாற்றுகள் 8 நாள் தாங்கின. சாதாரண நாற்றுகள் வாடின. சிறப்பான சாதனைதான். ஆனால் அந்த நொதி சைட்டோபிளாசத்தில் வேலை செய்வது, பசுங்கணிகத்துக்குள் போவதன்று. உள்ளே டிஸ்மியூட்டேஸை மட்டும் கூட்டினால் பெராக்சைடுதான் குவியும். அஸ்கார்பேட் தீர்ந்துபோனால் பசுங்கணிகப் பெராக்சிடேஸ் நிமிடத்துக்குள் செயலிழக்கும். ஒரு மரபணுவைக் கடன் வாங்குவது முதல் படிதான்; அதை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்து வாங்கவேண்டும்.

இந்தக் கடற்கரையை ஒட்டிய கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் முட்டுக்காட்டுக்கு வந்து, ஒரே கண்டலின் இலைகளில் இந்நொதிகளை அளந்து ஒப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்த்த கன்று சொல்லாததை இந்தக் கழிமுகத்து மரம் சொல்லும்.