6 டயர் இருந்தா எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாமா? 407 வண்டி தாங்குவதும் தாங்காததும்

புதுவை பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் சின்ன வண்டிகளில் இரண்டு ரகம் உண்டு. பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ள குட்டி யானை, தோஸ்த், பொலேரோ ஒரு ரகம். பக்கத்துக்கு இரண்டு டயர் மாட்டிய 407 இன்னொரு ரகம். "ஆறு டயர் வண்டிதானே, இன்னும் பத்து மூட்டை போடு" என்று லோடு ஏற்றும் இடத்தில் சொல்வது சகஜம். சிக்கலே அங்கேதான்.

டாடா 407 விற்பனைக்கு வந்தது 1986ல். 2005ல் வந்த டாடா ஏஸ் முக்கால் டன் வண்டி. 2011ல் வந்த தோஸ்த் ஒன்னேகால் டன் வண்டி. 407 இரண்டு டன்னைத் தாண்டி ஏற்றும். அவ்வளவு பாரம் பின் அச்சில் உட்காருவதால்தான் ஜோடி டயர். வளைவில் வண்டி சாயாமல் நிற்கும். ஒரு டயர் வெடித்தாலும் உடனே கவிழாது.

டயரில் உள்ள எண்

டயரின் பக்கவாட்டில் 122/121 என்று இருந்தால், அது ஒத்தையாக ஓடினால் 1,500 கிலோவும், ஜோடியாக ஓடினால் 1,450 கிலோவும் தாங்கும் என்று அர்த்தம். ஆமாம், ஜோடியில் ஒவ்வொரு டயரும் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் காத்தோட்டம் குறைவு, சூடு ஏறும். பாரமும் இரண்டிலும் சரிசமமாக விழாது.

அப்படியானால் பின்னாடி நாலு டயருக்கு 5,800 கிலோ ஆச்சே என்று கணக்குப் போடக்கூடாது. டயர் தாங்கினாலும் அச்சு, பட்டை, சேசிஸ், பிரேக் தாங்க வேண்டுமே! ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் காலி வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய லோடு. இரும்பு பாடி கட்டி, பக்கப் பலகையை உயர்த்தினால் காலி எடை கூடும், லோடு குறையும். எடை மேடையில் ஒருமுறை வெறும் வண்டியை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மணல் லோடில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே சுமார் நாலரை டன் வரும். அரை யூனிட் ஏற்றினாலே 407க்கு முழு லோடு. மழையில் நனைந்த மணல் என்றால் அதுவும் அதிகம். பார்வைக்கு பாடி பாதிதான் நிறைந்திருக்கும்.

உள் டயர் தொல்லை

உள்பக்க டயர் பஞ்சர் ஆனால் வெளியே தெரியாது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்து டயர் இரண்டு மடங்கு பாரத்தை இழுக்கும். கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விடும். கிளம்பும் முன் உள் டயரையும் தட்டிப் பார்ப்பது பழைய டிரைவர்கள் பழக்கம். காத்து மானி வைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. இரண்டு டயருக்கும் நடுவில் ஜல்லி மாட்டியிருந்தால் கம்பியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்று ஜோடி போட்டால் புதுசே பாரத்தை எல்லாம் சுமக்கும்.

காலி வண்டி குதிக்கும், மழை ரோட்டில் வழுக்கும். பாரதி வீதி, காந்தி வீதி நெரிசலில் திருப்பும்போது பின்பக்க அகலத்தை மறந்தால் ஓரத்தில் நிற்கும் பைக்குகள் காலி.

பெர்மிட், அபராதம்

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு பெர்மிட் தேவையில்லை. அதனால் குட்டி யானைக்கு வேண்டாம், 407க்கு வேண்டும். புதுவை வண்டிக்கு இது முக்கியம். முத்தியால்பேட்டையில் இருந்து காலாப்பட்டு போகவே நடுவில் தமிழகத்தின் கோட்டக்குப்பத்தைத் தாண்ட வேண்டும். தமிழகத்துக்குச் செல்லாத பெர்மிட் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம்.

லைசென்சில் பயமில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்சிலேயே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

ஓவர் லோடு மட்டும் பெரிய அடி. 2019 சட்டத் திருத்தத்தின்படி ரூ.20 ஆயிரம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம். அதிக சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். எடை போட நிறுத்தாமல் போனால் ரூ.40 ஆயிரம். பத்து மூட்டைக்குக் கிடைக்கும் கூடுதல் வாடகை சில நூறு ரூபாய்தான்.