டூப் செண்டும் ஜாவாப் பிசினும்

“டூப்தானே?” என்று கேட்கிறவர்களுக்கு மூக்கைவிட விலைச்சீட்டின் மேல்தான் நம்பிக்கை. ஈப்போ லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் லகாட், ஃபாலிம், மெங்லெம்பு வழியாக எங்கள் லகாட்டுக்கு வருகிறது. இந்தச் சாலையில் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் கொஞ்ச காலமாக ஒரே வாசனை. பட்டை, ஜாதிக்காய், பேரீச்சம்பழம், வனிலா. வெதுவெதுப்பா, பாயசம் கொதிக்கிற மாதிரி. அமீரகத்து லத்தாஃபா நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ‘கம்ரா’ அது. கில்லியன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ செண்டின் சாயல் என்பது ஊரறிந்த விஷயம். விலைதான் பத்தில் ஒரு பங்குகூட வராது.

கம்ராவில் கடைசிவரை தங்கும் வாசனைகளில் ஒன்று பென்சாயின். நமக்கு அது சாம்பிராணி, மலாய்க்காரர்களுக்குக் கெமெஞான். சுமத்ராவில் மரப்பட்டையைக் கீறி, வடிகிற பிசினை இறுகவிட்டு எடுக்கிறார்கள். பால்மரம் வெட்டின குடும்பத்தில் வந்தவர்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை.

அரபு வணிகர்கள் இந்தப் பிசினை ‘லுபான் ஜாவி’ என்றார்கள். லுபான் என்பது ஓமான், ஏமன் பக்கத்துக் குந்திரிக்கம். அன்றைய அரபு வழக்கில் சுமத்ராவும் ‘ஜாவா’தான். 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த இபன் பதூதாவும் இதைக் குறித்திருக்கிறார். ஜாவாவின் குந்திரிக்கம் என்றால் என்ன அர்த்தம்? அசல் வேறெங்கோ இருக்கிறது, இது அதைப்போல ஒன்று. அந்தப் பெயரின் முன்பாதி ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து பென்சாயின் ஆச்சு. பாரீஸ் செண்டுகளுக்குள் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பொருள் டூப் பெயரோடுதான் கடல் தாண்டியது.

இந்தக் கடல் வணிகத்தில் தமிழர்களும் இருந்தார்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கப்பலில் வருகிறவர்கள் கட்டவேண்டிய கட்டணத்தைக் கஸ்தூரியின் விலையை வைத்துப் பொன்னாகச் செலுத்தச் சொல்கிறது என்பது எ. சுப்பராயலுவின் வாசிப்பு. வாசனைப் பொருளே வரிக்கு அளவுகோல்! ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு கழித்து பேராக் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் கதை வேறு. என் பாட்டி சொல்லும்: “எத்தன தடவ குளிச்சாலும் கட்டிப்பால் நாத்தம் போவாது. டவுனு பஸ்ஸுல பக்கத்துல ஒக்கார மாட்டாங்க.” தோட்டத்து லயங்களில் பவுடரும் செண்டும் வெறும் மினுக்கு இல்லை. பஸ்ஸில் உட்கார ஓர் இடம். ‘டூப்’ என்ற சொல்லில் எனக்கு அந்தப் பஸ்தான் தெரிகிறது.

ஆடம்பர செண்டு மட்டும் நகல் இல்லாமலா வளர்ந்தது? 1874இல் டீமான், ஹார்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றிலிருந்து வனிலின் செய்தார்கள். வனிலாக் கொடியே வேண்டாம். கெர்லேன் நிறுவனம் 1889இல் ‘ஜிக்கி’யில் அந்தச் செயற்கை வனிலினைப் போட்டது, 1925இன் ‘ஷாலிமார்’ அதைவிடக் காட்டமான எத்தில் வனிலினில் நிற்கிறது. மலிவு நகலைப் பெரிய வீட்டார் செய்தால் அதற்குக் கலை என்று பேர்.

சட்டத்துக்கும் இதில் குழப்பம்தான். 2006 ஜூன் 13 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. மூன்றே நாளில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லான்கோமின் ‘ட்ரேசோர்’ வாசனைக்கு உண்டு என்றது. 2009இல் லோரியால் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்தது, எந்த மலிவு செண்டு எந்தப் பெரிய செண்டுக்குச் சமம் என்று கடைக்காரர்களுக்குக் கொடுத்த பட்டியல். அந்தப் பட்டியல் பெரிய பெயரின் புகழில் குளிர்காய்கிறது என்றார்கள். ஒரே மாதிரி மணப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

பசார் மாலாமில் நான் வாங்கும் செண்டுக் கடையில் பாட்டில்களின் மேல் பெயரே கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் எதைப்போல என்று கேட்டால், “மோந்து பாருங்க தம்பி” என்பார் அந்த அண்ணன்.