கடல்நீரால் காப்பாற்றிய துறைமுகம்

ஐஸ்லாந்துக்குப் போகவேண்டும் என்று நாங்கள் கதைக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிவிட்டது. காசு இன்னும் சேரவில்லை, திட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் போட்ட பட்டியலில் அருவிகள், வெந்நீர்க் குளங்கள், இரவு வானத்துப் பச்சை ஒளி என்று எல்லாம் இருந்தன. எரிமலையும் இருந்தது, போட்டோ எடுக்கிற ஒரு பொருளாக. அதற்குக் கீழே வீடு கட்டி வாழ்ந்த சனத்தைப் பற்றி வாசித்த பிறகுதான் பட்டியலைத் திருத்தினோம்.

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் வெஸ்ட்மன் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஹெய்மாய். 1973 இல் அங்கே ஏறத்தாழ 5,300 பேர் வாழ்ந்தார்கள். மீன்பிடிதான் தொழில். நாட்டின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் அதுவும் ஒன்று. ஊருக்குப் பக்கத்திலேயே ஹெல்கஃபெல் என்ற எரிமலை. ஆயிரக்கணக்கான வருடங்களாக அது அசையவில்லை. யாரும் அதற்குப் பயப்படவுமில்லை.

1973 ஜனவரி 23, அதிகாலை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னர், ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்தது. வெடிப்பு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, நெருப்பு ஒரு சுவர் மாதிரி எழும்பியது. முதல்நாள் புயல் அடித்திருந்ததால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் நின்றன. அந்தப் படகுகளில்தான் சனங்கள் ஏறினார்கள். வயோதிபரையும் நோயாளரையும் விமானத்தில் கொண்டுபோனார்கள். விடியும்போது ஊரில் பெரும்பாலும் வேலைக்கென்று நின்றவர்கள் மட்டும்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம், புயல் அடித்தது அதிர்ஷ்டம்தான். அடுத்த ஐந்து மாதம் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

சாம்பல் வீடுகளை மூடியது. கூரை இடிந்து விழாமல் இருக்க, நின்றவர்கள் ஏறி அதை வாரிக் கொட்டினார்கள். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்த எரிமலைக் குழம்பு. வாயில் அடைபட்டால் மீன்பிடி இல்லை, மீன்பிடி இல்லாவிட்டால் திரும்பி வர ஊரும் இல்லை. தோர்ப்யோர்ன் சிகூர்கெய்ர்சன் என்ற பௌதிகவியலாளர், கடல்நீரை அடித்துக் குழம்பைக் குளிரவைக்கலாம் என்றார். குளிர்ந்த பகுதி இறுகிச் சுவராகும், பின்னால் வருவது அதில் தடைபடும் என்பதுதான் யோசனை. முதலில் கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. சிறிய பம்புகளோடு தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. முடிவில் குழம்பின் மேல் கொட்டிய கடல்நீர் ஏறத்தாழ 60 இலட்சம் கனமீற்றர். வாயில் ஒடுங்கியது, ஆனால் மூடவில்லை. புதிய பாறை காற்றையும் அலையையும் மறைத்ததால் துறைமுகம் முன்னரைவிடப் பாதுகாப்பானதாகவும் மாறிவிட்டது.

ஜூலைத் தொடக்கத்தில் வெடிப்பு ஓய்ந்தது. எல்ட்ஃபெல் என்ற புது மலை ஒன்று நின்றது. தீவின் பரப்பு 2 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் கூடியிருந்தது. ஏறத்தாழ 400 வீடுகள் எரிந்தோ புதைந்தோ போயின. நச்சுவாயுவால் ஒருவர் இறந்தார். நிவாரண நிதிக்காக முழு நாடும் கூடுதல் வரி கட்டியது, நோர்டிக் நாடுகளும் உதவின. சில வருடங்களுக்குள் பெரும்பான்மையானவர்கள் திரும்பி வந்தார்கள். ஊரை மூடிய சாம்பலைக் கொண்டே விமான ஓடுபாதையை நீட்டினார்கள். ஆறாத குழம்பின் சூட்டை எடுத்துப் பல வருடம் வீடுகளைச் சூடாக்கினார்கள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் வாசிக்கக் கூடாது. எல்லாரும் திரும்பவில்லை. வீடே புதைந்தவருக்குத் 'திரும்புதல்' என்றால் வேறு தெருவில், வேறு வீட்டில் மறுபடி தொடங்குவதுதான். 2023 நவம்பரில் கிரிண்டாவிக் என்ற இன்னொரு மீன்பிடி ஊரிலிருந்து ஏறத்தாழ 3,800 பேரை ஒரே இரவில் வெளியேற்றினார்கள். அங்கே வீடுகளை விற்க விரும்பியவர்களிடமிருந்து வாங்க அரசு முன்வந்தது, பலர் விற்றுவிட்டார்கள். ஆபத்திலிருந்து சனத்தைக் காப்பாற்றுவது ஒன்று, அவர்களுக்குத் திரும்பி வர ஒரு ஊரைக் காப்பாற்றுவது இன்னொன்று. ஹெய்மாயில் இரண்டாவதற்காகவும் ஐந்து மாதம் போராடினார்கள்.

இப்போது எங்கள் திட்டத்தில் ஹெய்மாய்க்கு இரண்டு நாள். லண்டேயாஹாப்ன் துறையிலிருந்து பெரிய படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். காலநிலை மோசமென்றால் இன்னும் தூரத்துத் துறையிலிருந்து போகவேண்டும், அதற்காக ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறோம். சாம்பலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த ஒரு வீட்டைச் சுற்றிக் கட்டிய எல்ட்ஹெய்மார் அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் எல்ட்ஃபெல் ஏறுவோம். அந்த மலையடிவாரப் பாறைக்குக் கீழே தெருக்கள் இருக்கின்றன, எந்தத் தெரு எங்கே என்று பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.