அடக்கி வைத்த துயரம் உடலில் வெளிப்படும்

ஓயாத தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்று எரிச்சல், கழுத்திலும் தோளிலும் இறுக்கம், இரவில் தூக்கமின்மை. டாக்டரிடம் போனால் இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாமே சரியாக இருக்கின்றன. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். ஆனால் வலி போவதில்லை.

இந்த "ஒன்றுமில்லை"யைக் கேட்ட பிறகு வீட்டில் சிலர் "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்பார்கள். சிலர் கண்ணேறு, சூனியம் என்று அலைவார்கள். வெளியே சொல்லாமல் பூட்டி வைத்த கவலையும் பயமும் கோபமும் உடலை நோகச் செய்யும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இப்படி வரும் வலி கற்பனை அல்ல, உண்மையான வலி.

உடலுக்குள் நடப்பது என்ன?

பயமோ கோபமோ வந்ததும் மூளை உடலை உஷார்படுத்துகிறது. சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் உயரும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

மனதில் உள்ளது தீராமல் நாள்கணக்கில் தங்கிவிட்டால் உடலும் அந்த உஷார் நிலையிலேயே இருக்கிறது. தாடை, கழுத்துத் தசைகளின் இறுக்கம் தலைவலியாகிறது. குடலில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருப்பதால் மனக்கலக்கம் வயிற்றில் சீக்கிரம் தெரிகிறது. பள்ளிக்குப் போகும் காலையில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிப்பது இதனாலும் இருக்கலாம்.

1997இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படக்காட்சிகளைக் காட்டி, ஒரு பிரிவினரிடம் மட்டும் உணர்ச்சியை முகத்தில் காட்டக் கூடாது என்றார்கள். அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய இதயமும் இரத்த நாளங்களும் கூடுதலாகத் தூண்டப்பட்டிருந்தன.

யஅகூப் நபியின் கண்கள்

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. மகன் யூசுஃபைப் பிரிந்த யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் கவலையால் வெளுத்துப் போனதையும், அவர்கள் துயரத்தை உள்ளே அடக்கிக்கொண்டிருந்ததையும் குர்ஆன் (12:84) ஒரே வசனத்தில் சொல்கிறது. "அழகிய பொறுமை" என்று சொன்ன அதே நபிதான் தம் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிடுவதாகவும் சொன்னார்கள். பொறுமையும் முறையீடும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும்.

நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீமின் இறுதி நேரத்தில் கண்ணீர் விட்டார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். ஒப்பாரி வைத்துப் புலம்புவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. கண்ணீரைத் தடுக்கவில்லை.

கோபத்தை விழுங்குவோரைக் குர்ஆன் (3:134) புகழ்கிறது. ஆனால் அதை அடுத்தே மக்களை மன்னிப்பதையும் சொல்கிறது. விழுங்கிய கோபத்தை வருடக்கணக்கில் நெஞ்சில் சுமப்பது வேறு, மன்னித்து இறக்கி வைப்பது வேறு.

நம் முன்னோர்களின் மருத்துவம்

9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியுமாக ஒரே நூலை எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளமும், உள்ளம் நோயுற்றால் உடலும் பாதிக்கப்படும் என்பது அவர் கருத்து. அச்சம், கோபம், துயரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி சொன்னார்.

நம் வீடுகளில்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் சம்பளம் வராத மாதத்திலும் போனில் "நல்லா இருக்கேன்" என்பார். ஊரில் மனைவியும் மாமியார் வீட்டுச் சங்கடங்களை மறைத்து அதையே சொல்வாள். கணவரை இழந்த பெண் பிள்ளைகள் கலங்குவார்களே என்று அழாமல் இருப்பாள். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்த பாரத்தை உடல் சுமக்கிறது.

என்ன செய்யலாம்?

1. முதலில் மருத்துவர். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப்போதல், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் "மனக்கவலைதான்" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. இரத்த சோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பைத் தரும். ஓதிப் பார்ப்பவர்களும் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது.

2. வலி வந்த நாளையும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் குறித்து வையுங்கள். சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தெரியலாம். டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.

3. நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். புறம் பேசுவதாகிவிடுமோ என்று தயங்குபவர்கள் கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களை நினைக்கலாம். கணவரைப் பற்றி அவர்கள் நபிகளாரிடம் முறையிட்டார்கள். அதை அல்லாஹ் செவியுற்றதைச் சொல்லியே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. தீர்வு தேடித் தகுந்தவரிடம் சொல்வதும் ஊரெல்லாம் பரப்புவதும் ஒன்றல்ல.

4. கேட்பவர் "ஸப்ர் செய்" என்று முதல் வாக்கியத்திலேயே பேச்சை முடித்துவிட வேண்டாம். முழுவதும் கேளுங்கள். பாதி பாரம் அதிலேயே இறங்கும்.

5. சொல்ல ஆளில்லாவிட்டால் எழுதுங்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நடத்திய ஆய்வில், தம் வேதனையான அனுபவத்தை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுதிய தாளைக் கிழித்தும் விடலாம்.

6. துஆவில் தாய்மொழியிலேயே மனதைத் திறந்து கேளுங்கள். அழுகை வந்தால் தடுக்காதீர்கள்.

7. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஈமானின் குறை அல்ல. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இன்று வீட்டில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது, "மனசு எப்படி இருக்கு?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக.