முகோஜிமா ஹ்யக்காயென்

ஜப்பானில், டோக்கியோ நகரின் சுமிதா வட்டத்தில் உள்ள பழைய பூந்தோட்டம். பரப்பு 10,886 சதுர மீட்டர். 'நூறு மலர்த் தோட்டம்' என்று பெயர் பெற்றாலும், இதன் புகழ் இலையுதிர் காலம் பிறக்கும் செப்டம்பரில் பூக்கும் ஏழே செடிகளால் வந்தது.

புங்கா ஆண்டுகளின் (1804–1818) தொடக்கத்தில், பழம்பொருள் வணிகர் சஹாரா கிகூ இதனை அமைத்தார். முதலில் வைத்தவை 360 பிளம் மரங்கள். பின்னர், பழைய கவிதைகளில் பேசப்படும் செடிகளாகத் தேடி நட்டார். பெயர் சூட்டியவர் ஓவியர் சகாய் ஹோயிட்சு. கவிஞர்களும் ஓவியர்களும் கூடி வளர்த்த இடமாதலால் பிரபுக்களின் தோட்டங்களில் காணும் பகட்டு இங்கே இல்லை. அதுவே இதன் சிறப்பு.

ஏழு செடிகளின் பட்டியல் தோட்டத்தைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. 8ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யமனோவே நோ ஒகுரா பாடிய அது 'மன்யோஷூ' என்ற கவிதைத் தொகுப்பின் 8ஆம் பகுதியில் உள்ளது. ஹாகி, சுசுகி, குட்சு, நாதெஷிகோ, ஒமினாயெஷி, புஜிபகாமா, கிக்யோ என்பன அவை. கடைசிச் செடியைக் கவிஞர் 'அசகாவோ' என்கிறார். இன்று அச்சொல் காலையில் மலரும் வேறொரு கொடியைக் குறித்தாலும், பாடலில் வருவது கிக்யோவே என்பது பெரும்பாலோர் கருத்து. ஹாகியும் குட்சுவும் அவரைக் குடும்பத்தவை. குட்சுவின் கிழங்கிலிருந்து மாவு எடுப்பர். சுசுகி ஒரு புல். நம் நாணலுக்கு நெருங்கிய உறவு, கதிரும் அவ்வாறே வெள்ளிபோல் மின்னும். நாதெஷிகோ கார்னேஷன் இனம். ஒமினாயெஷியில் பொடிப்பொடியாக மஞ்சள் பூக்கள். புஜிபகாமா பச்சையாக இருக்கையில் மணப்பதில்லை, காய்ந்தால்தான் மணக்கும். கிக்யோவின் மொட்டு ஊதிய பலூன்போல் உப்பிப் பின் நீல நட்சத்திரமாய் விரியும். வசந்தத்துக்கும் ஏழு கீரைகள் உண்டு. அவற்றை ஜனவரி 7 அன்று கஞ்சியில் இட்டு உண்பர். இலையுதிர் காலத்து ஏழையும் அவ்வாறு உண்பதில்லை, பார்த்து ரசிப்பதே வழக்கம்.

தோட்டத்தில், மூங்கில் சட்டத்தின்மேல் ஹாகியைப் படரவிட்ட, சுமார் 30 மீட்டர் நீளமான பூங்குகை செப்டம்பர் இறுதியில் நிறைந்து பூக்கும். ஆகஸ்ட் இறுதியில் பூச்சிகளின் இசை கேட்கும் விழாவும், அதன்பின் நிலவு காணும் விழாவும் நடைபெறும்.

தோட்டம் 1938இல் நகராட்சிக்குக் கொடையாக வந்தது. 1945 விமானக் குண்டுவீச்சில் எரிந்து, 1949இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1978 முதல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றிடம். நுழைவுக் கட்டணம் உண்டு.