அடங்காத பிள்ளையும் சட்டமும்

"சொன்ன பேச்சைக் கேட்கலேன்னா செங்கல்பட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று பெரியவர்கள் பையன்களை மிரட்டுவதை நம் வயதுக்காரர்கள் சிலராவது கேட்டிருப்பீர்கள். செங்கல்பட்டு என்றால் அங்கிருந்த சீர்திருத்தப் பள்ளி. அது வெறும் மிரட்டல் என்றுதான் பலரும் நினைத்தோம். ஆனால் "என் பிள்ளையை என்னால் அடக்க முடியவில்லை" என்று தகப்பனே கோர்ட்டுக்குப் போக, சட்டத்தில் உண்மையிலேயே இடம் இருந்தது. நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கம்பெனி ஆட்சியில் 1850-இல் வந்த தொழில் பழகுநர் சட்டப்படி, 10 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளையைத் தகப்பன் ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தம் எழுதி விடலாம். அடுத்து 1876-இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1897-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். குற்றம் செய்து தண்டனை பெற்ற, 15 வயதுக்கு உட்பட்ட பையன்களைச் சிறைக்குப் பதிலாக 3 முதல் 7 ஆண்டுகள் பள்ளியில் வைக்கலாம். 18 வயதுக்கு மேல் வைக்கக்கூடாது. திருடிய பையனுக்கு அங்கே இடம் உண்டு. வீட்டில் எதிர்த்துப் பேசுகிறவனுக்கு இல்லை.

அந்தக் கதவைத் திறந்தது 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் நம்முடையதுதான். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. 1908-இல் இங்கிலாந்தில் வந்த சட்டமே இதற்கு முன்மாதிரி. அந்த ஆங்கிலச் சட்டத்தில் ஒரு நல்ல நிபந்தனை உண்டு. பிள்ளையை அடக்க முடியவில்லை என்று வரும் பெற்றோருக்கு, அதனால் என்ன விளையும் என்பது புரிந்திருக்கிறதா என்று நீதிபதி முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிபந்தனையின் அருமை எனக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் தெரிந்தது. ஒரு தறிக்காரர் மனுவோடு வந்தார். பையனுக்கு 14 வயது. பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டுப் பணத்தை எடுக்கிறான், இரவில் வருவதில்லை, அம்மாவையே அடிக்கக் கை ஓங்கினான். விசாரிக்க வீட்டுக்குப் போனேன். வளர்த்த பாட்டி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் பையன் மாறியிருக்கிறான். அப்பா பெல்ட்டால் அடிக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

"ஒரு ஆறு மாசம் உள்ளே இருந்தா திருந்திடுவான் சார்" என்றார் அவர். 18 வயதுவரைகூட அங்கேயே வைக்கலாம் என்றேன். உள்ளேயிருந்து அந்த அம்மா அழும் சத்தம் கேட்டது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பையன் வெளியூரில் தாய்மாமன் வீட்டிலிருந்து லேத் வேலை பழகப் போனான். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவதாக, பின்னொரு நாள் ஆபீசுக்கு வந்தபோது அவர் சொன்னார்.

1986-இல் ஏறக்குறைய நாடு முழுவதற்கும் இளைஞர் நீதிச் சட்டம் வந்தபோதும் 'அடங்காத இளைஞர்' என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. பெற்றவர் புகார் செய்தால் விசாரணை, கூர்நோக்கு இல்லம். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு போய்விட்டது. பிள்ளையைக் கட்டுப்படுத்த இயலாத, தகுதியற்ற பெற்றோர் உள்ள குழந்தை பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்ற வரி மட்டும் இருந்தது. 2015-இல் அந்த வரியும் மாறியது. 'கட்டுப்படுத்த' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பராமரிக்கவும் பாதுகாக்கவும் இயலாத பெற்றோர் என்று எழுதினார்கள்.

ஆக, 1920-இல் பிள்ளையைப் பார்த்து நீட்டிய விரல் 2015-இல் பெற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. இதிலும் முழு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோர்ட்டுக்கு வந்த அந்தத் தறிக்காரர் பொல்லாதவர் இல்லை, வழி தெரியாதவர். இன்று பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பார்த்துப் பதறும் நம் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்கு இப்போது 1098 என்ற உதவி எண் இருக்கிறது, மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. கூப்பிட்டுப் பேசுவதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.